ஆப்ல பாதி கட்டம் சிவப்பு, என் சாப்பாடு அவ்ளோ மோசமா?

பேர் போட வேணாம்னு கேட்டு ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க, கூடவே ஒரு வார சாப்பாட்டுக் கணக்கையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. சுருக்கி சொல்லிடறேன்.

வயசு 34, எடை 58 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யற வேலை. வீட்ல கணவர், 9 வயசு மகள். நாலஞ்சு மாசமா சாயங்காலம் ஆனா ஒரே அசதி, சீப்புல முடி கொத்தா வருது. பெரும்பாலும் காய்கறி, பருப்பு, பால் சாப்பாடு தான், வாரத்துக்கு ரெண்டு தடவை முட்டை. சாப்பாட்டுல தான் ஏதோ குறைன்னு நினைச்சு சாப்பாட்டுச் சத்தைக் கணக்கு போடற ஒரு ஆப் போட்டு, சின்ன தராசு வாங்கி, ஏழு நாள் எல்லாத்தையும் எடை போட்டு எழுதியிருக்காங்க. கடைசியில வந்த சராசரி இது: 1,750 கலோரி, புரதம் 51 கிராம் (ஆப் கேக்கறது 93), நார்ச்சத்து 13 கிராம், இரும்பு 11 மி.கி. அதாவது 61 சதவீதம், கால்சியம் 680 மி.கி. அதாவது 68 சதவீதம், பொட்டாசியம் 49 சதவீதம், வைட்டமின் டி 12 சதவீதம். சர்க்கரை 78 கிராம்னு செக்கச்செவேல்னு காட்டுது. சோடியம் மட்டும் 1,400 மி.கி., பச்சை.

இதைப் பாத்துட்டு பழத்தை நிறுத்திட்டாங்க. இரும்பு மாத்திரை, மல்டிவைட்டமின், வைட்டமின் டி 2,000 ஐயூ, முடிக்கு பயோட்டின்ங்கற வைட்டமின் "கம்மி" (மிட்டாய் மாதிரி மெல்லற மாத்திரை), நாலும் வாங்கி காலையில டீயோட சேத்து முழுங்கறாங்க. புரோட்டீன் பவுடர் ஆர்டர் போடற நேரத்துல கணவர், "நல்லா தானே சாப்பிடற, இதெல்லாம் வியாபாரம்"னு சொல்ல வீட்ல சண்டை. இதுக்கு நடுவுல மகள் பேர்லயும் அதே ஆப்ல ஒரு கணக்கு திறந்தாச்சு. கேள்வி என்னன்னா, எல்லா கட்டத்தையும் 100 ஆக்கறது எப்படி, பழம் சாப்பிடலாமா, பவுடர் வேணுமா, மாத்திரை போதுமா.

இனி உங்ககிட்டயே நேரா பேசறேன்.

ஏழு நாள் விடாம எழுதினதே பெரிய விஷயம். என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் ரெண்டாவது நாளே நிறுத்திடுவாங்க. ஆனா நீங்க அந்த கணக்கைப் படிச்ச விதத்துல தான் சிக்கல். சில சிவப்பு வெறும் சத்தம், ஒண்ணு ரெண்டு சிவப்பு நிஜம், அந்த ஒரே பச்சை இருக்கே அது சுத்தமா பொய். ஒவ்வொண்ணா பாப்போம்.

100 சதவீதம்னா என்ன

நீங்க நினைக்கறது 100-க்கு கீழ இருந்தா குறைபாடு, 100 வந்தா பாஸ்னு. அப்படி இல்லை. இந்த அளவுகள் முதல்ல வந்தது ரெண்டாம் உலகப்போர் நேரத்துல, அமெரிக்காவுல 1941-ல தயார் பண்ணி 1943-ல புத்தகமா போட்டாங்க, பெரிய மக்கள் கூட்டத்துக்கு சாப்பாடு திட்டம் போடணும்ங்கற தேவைக்காக. ஒரு தனி ஆளைக் கூப்பிட்டு வச்சு நீ பாஸ் நீ ஃபெயில்னு சொல்றதுக்காக இல்லை. ஆர்டிஏன்னு (தினசரி பரிந்துரை அளவு) சொல்றோமே, அது ஆரோக்கியமா இருக்கறவங்கள்ல 97, 98 சதவீதம் பேருக்குப் போதுமான அளவு. அதாவது தேவை ரொம்ப அதிகமா இருக்கறவரையும் கணக்குல வச்சு ஏத்திப் போட்ட கோடு. வாசக்கால் வைக்கறப்ப வீட்ல வர்ற நெட்டையான ஆளுக்கும் இடிக்காம வைக்கறோம் இல்லையா, அதுக்காக மத்தவங்க எல்லாம் குட்டைன்னு யாரும் சொல்றதில்லை. சராசரித் தேவைக்கு இஏஆர்னு தனியா ஒரு அளவு இருக்கு, பாதி பேருக்கு அது போதும், அது ஆர்டிஏவை விட குறைவாத் தான் இருக்கும்.

உங்க ஆப் எதை வச்சு மார்க் போடுதுன்னு போட்டோவைப் பாத்தா தெரியுது. இரும்புக்கு 18 மி.கி., கால்சியத்துக்கு 1,000 மி.கி., பொட்டாசியத்துக்கு 4,700 மி.கி. வச்சிருக்கு. பொட்டாசியத்தை மட்டும் எடுத்துக்குங்க. 4,700-ங்கறது 2005-ல அமெரிக்காவுல சொன்ன அளவு, அங்க பாக்கெட் லேபிள்ல இன்னும் அது தான் ஓடுது. ஆனா 2019-ல அதே நாட்டு நிபுணர்கள் திரும்ப உட்கார்ந்து பெண்களுக்கு 2,600-னு குறைச்சுட்டாங்க. நீங்க சாப்பிட்டது 2,300. பழைய கோட்டுக்கு 49 சதவீதம், புது கோட்டுக்கு 88 சதவீதம், உலக சுகாதார நிறுவனம் சொல்ற 3,510-ஐ வச்சா 66. உங்க தட்டுல ஒண்ணும் மாறல, கோடு தான் மூணு இடத்துல நிக்குது. கால்சியமும் இதே கதை, 680 மி.கி. அமெரிக்க அளவுக்கு 68 சதவீதம், பிரிட்டன்ல பெரியவங்களுக்கு 700 தான், அங்க நீங்க 97. இத்தனை நாளா உங்களை ராத்திரி தூங்க விடாம பண்ணினது இந்த மாதிரி கட்டங்கள் தான்னா, அதை இன்னிக்கே விட்டுடுங்க.

வைட்டமின் டி கட்டம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் சிவப்பு தான். அது பெரும்பாலும் வெயில்ல தோல்ல உருவாகறது, சாப்பாட்டுல கொழுப்பு மீன், முட்டை மஞ்சக்கரு, செறிவூட்டின பால் மாதிரி கொஞ்சத்துல தான் இருக்கு. ஆப்புக்கு நீங்க வெயில்ல நின்னது எப்படி தெரியும்?

அப்ப ஆப்பே வேஸ்ட்டான்னு கேட்டா, இல்லை, அளவுகோலை விட நீங்க உள்ள போட்ட எண்கள்ல தான் இன்னும் பெரிய ஓட்டை இருக்கு, அதைப் பாத்தா தான் நிஜப் பிரச்சினை எங்கன்னு தெரியும்.

கணக்குல விழுந்த ஓட்டைகள்

முதல் ஓட்டை பருப்பு. அஞ்சு நாள் மதியத்துக்கு "பருப்பு 80 கிராம், புரதம் 19 கிராம்"னு இருக்கு. கடிதத்துல நீங்களே எழுதியிருக்கீங்க, தட்டுல போட்டு தான் எடை பாப்பேன்னு. அப்ப அது வெந்த பருப்பு. 80 கிராமுக்கு 19 கிராம் புரதம்னா அது வேகாத காஞ்ச பருப்போட கணக்கு. வெந்தா தண்ணி ஏறி ரெண்டரை மடங்கு கனக்கும், அதே 80 கிராம் வெந்த பருப்புல புரதம் 7 கிராம் தான். ஆப்ல தேடினப்ப முதல்ல வந்த வரியைத் தொட்டுட்டீங்க, எல்லாரும் செய்யறது தான். ஆனா அஞ்சு நாளும் 12 கிராம் கூடுதலா ஏறியிருக்கு, வாரச் சராசரியில 8, 9 கிராம் பொய். உங்க புரதம் 51 இல்லை, 42 பக்கம். இரும்பும் இதே வரியில கூட ஏறியிருக்கு, 11 இல்லை, 8, 9 பக்கம் தான் வரும்.

ரெண்டாவது எண்ணெய். ஏழு நாள்ல ஒரு வரி கூட எண்ணெய் இல்லை. ஆனா மாசம் மூணு பேருக்கு ரெண்டு லிட்டர் வாங்கறோம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு லிட்டர்னா 1,840 கிராம் போல, மூணு பேர், முப்பது நாள், தலைக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். கொஞ்சம் சட்டியில போயிடும்னு வச்சாலும் 150-லேருந்து 180 கலோரி. பருப்பு வரியில கூட ஏறின 130 கலோரி போல கழிச்சுட்டுப் பாத்தா, 1,750 இல்லை, 1,800-க்குப் பக்கம். நீங்க ஏமாத்தினதா நான் சொல்லல. சாப்பிட்டதைக் குறைச்சு எழுதறது மனுஷ இயல்பு, உடம்பு நிஜமா எரிக்கற சக்தியை அளந்து சாப்பாட்டு டைரியோட ஒப்பிட்ட ஆய்வுகள் பலதுலயும் இது திரும்பத் திரும்ப வருது.

மூணாவது தான் அந்தப் பச்சை. சோடியம் 1,400-னு நல்ல பிள்ளை மாதிரி நிக்குதே, அது பிரெட், சீஸ், பிஸ்கெட் மாதிரி பாக்கெட்ல வந்ததோட சோடியம் மட்டும். சமையல்ல போட்ட உப்பை யாரும் ஆப்ல எழுதறதில்லை, நீங்களும் எழுதல. இதுக்கு தராசு வேணாம், உப்பு பாக்கெட் போதும். ஒரு கிலோ பாக்கெட் ஒண்ணரை மாசம் வருதுன்னு சொல்றீங்க. 1,000 கிராமை 45 நாளால வகுத்து மூணு பேருக்குப் பிரிச்சா ஒரு ஆளுக்கு 7 கிராம் சொச்சம். காய் வேகவச்ச தண்ணியோட கொஞ்சம் கொட்டியிருக்கும், மகள் கம்மியா சாப்பிட்டிருப்பா, எல்லாம் சரி. ஆனா உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது எல்லா வழியிலயும் சேத்து 5 கிராமுக்குக் கீழ, அதாவது சோடியம் 2,000 மி.கி.க்குக் கீழ. பாக்கெட்ல வர்ற 1,400 சோடியமே மூணரை கிராம் உப்பு ஆச்சு. இதையும் அதையும் கூட்டிப் பாருங்க. நீங்க கவலையே படாத ஒரே கட்டம் தான் உங்க வீட்ல முதல்ல கவலைப்பட வேண்டியது.

பழத்தை ஏன் நிறுத்தினீங்க?

இது தான் எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. ஆப் காட்டற 78 கிராம் மொத்த சர்க்கரை. உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் குறைக்கச் சொல்றது மொத்த சர்க்கரையை இல்லை, தனியா சேக்கற சர்க்கரை, தேன், சிரப், அப்புறம் ஜூஸ்ல இருக்கற சர்க்கரை, இதைத் தான். முழுப் பழத்துக்குள்ள இருக்கறதும் பால்ல இயல்பா இருக்கறதும் இந்தக் கணக்குலயே வராது. உங்க 78-ஐப் பிரிச்சுப் பாத்தேன். பால், தயிர்லேருந்து 20 போல, பழத்துலேருந்து 14, மிச்சம் 44. அந்த 44-ல 32 எங்க இருக்குன்னா ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம். பாக்கி பிஸ்கெட், சாஸ்.

மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குக் கீழ, முடிஞ்சா 5-க்குக் கீழன்னு தான் பரிந்துரை. 1,800 கலோரிக்கு 10 சதவீதம்னா 45 கிராம், 5 சதவீதம்னா 22 சொச்சம். நீங்க வாசல்ல நிக்கறீங்க, அவ்ளோ தான், பெரிய ஆபத்துல இல்லை. ஆனா 14 கிராம் குடுத்த பழத்தை வெளிய அனுப்பிட்டு 32 கிராம் குடுக்கற டீயை அப்படியே வச்சிருக்கீங்க. டீயை விடச் சொல்லல, என்னாலயே முடியாது. ரெண்டு ஸ்பூனை ஒண்ணரை ஆக்குங்க, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு. நாக்கு பழகிடும், உண்மையாவே பழகிடும். அதுல மட்டும் 16 கிராம் போச்சு.

பழத்தை இன்னிக்கே திரும்பக் கொண்டு வாங்க. ஏன்னா உங்க கணக்குல நிஜமான பெரிய சிவப்பு நார்ச்சத்து. 13 கிராம்ங்கறது எந்த நாட்டு அளவை வச்சுப் பாத்தாலும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2023-ல திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்ல பெரியவங்களுக்கு தினம் குறைஞ்சது 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காயும் பழமும். உங்க வாரக் கணக்குல ஒரு நாளைக்குச் சராசரியா காயும் பழமும் சேந்தே 180 கிராம் தான், அதுல பழம் 110. இப்ப அதையும் நிறுத்திட்டதால 70 கிராம் காய் மட்டும் மிச்சம். எல்லா நுண்சத்துக் கட்டத்தையும் விட்டுட்டு இந்த ஒரு எண்ணை மட்டும் பாத்தாலே உங்க சாப்பாடு எங்க நொண்டுதுன்னு தெரிஞ்சிடும்.

இரும்பு: இது மட்டும் சும்மா விடற விஷயம் இல்லை

மேல கோடு இடத்துக்கு இடம் மாறும்னு சொன்னேன், அதைச் சொல்லி உங்களை சமாதானப்படுத்திட்டு அனுப்ப முடியாத ஒரே கட்டம் இது. மாதவிடாய் வர்ற வயசுப் பெண்களுக்கு அமெரிக்காவுல ஆர்டிஏ 18 மி.கி., ஆனா அங்க சராசரித் தேவை 8.1 தான். ரெண்டுக்கும் இவ்ளோ இடைவெளி ஏன்னா மாசாமாசம் போற ரத்தம் ஒருத்தருக்கொருத்தர் ரொம்ப வித்தியாசப்படும். இந்தியாவுல ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020-ல போட்ட அளவு 29 மி.கி., சராசரித் தேவை 15. காரணம், தாவர உணவுல இருக்கற இரும்பை உடம்பு கொஞ்சமாத் தான் உறிஞ்சும்ங்கறது. நீங்க கிட்டத்தட்ட முழுக்க தாவர உணவு, திருத்தின கணக்குப்படி 8, 9 மி.கி. பக்கம், சாப்பிட்ட கையோட டீ. டீ, காபியில இருக்கற பாலிஃபீனால்ங்கற பொருள் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். கூடவே அசதி, முடி கொட்டறது, மாதவிடாய் அஞ்சாறு நாள் அதிகமாவே போகுதுன்னு கடைசி பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரி தான் எனக்கு நாலு பக்கத்துலயும் முக்கியமாப் பட்டுச்சு.

ஆனா இதை ஆப் முடிவு பண்ணக் கூடாது, நானும் கடிதத்தை வச்சு முடிவு பண்ண மாட்டேன். ரத்தப் பரிசோதனை தான் சொல்லணும். டாக்டரைப் பாத்து ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் கேளுங்க. ஹீமோகுளோபின் சரியா இருக்கறப்பவே சேமிப்பு காலியாகியிருக்கலாம், அதை ஃபெரிட்டின் தான் காட்டும். ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ போனா இரும்புச் சேமிப்பு இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, 30-க்குக் கீழயே சிகிச்சையை யோசிக்கற டாக்டர்களும் நிறைய உண்டு. காய்ச்சல், சளி இருக்கற நேரத்துல எடுக்காதீங்க, ஃபெரிட்டின் பொய்யா ஏறிக் காட்டும். தைராய்டு, பி12 ரெண்டும் சேத்துப் பாத்துடறது நல்லது, அசதிக்கும் முடிக்கும் அதுங்களும் காரணமா இருக்கலாம், உங்க மாதிரி உணவுல பி12 குறையறது சகஜம். ரத்தப்போக்கு அதிகம்ங்கறதை டாக்டர்கிட்ட முதல் வாக்கியமா சொல்லுங்க, கடைசி வாக்கியமா இல்லை. ஓட்டை வழியா போயிட்டே இருந்தா எவ்ளோ கீரை சாப்பிட்டும் பத்தாது.

அந்த நாலு டப்பா

டெஸ்ட் எடுக்காம நீங்களா இரும்பு மாத்திரை போடறதை நிறுத்தி வையுங்க. குறை இருந்தா மல்டிவைட்டமின்ல இருக்கற இரும்பு பத்தாது, டாக்டர் சரியான அளவு எழுதித் தருவார். குறை இல்லைன்னா தேவையில்லாத இரும்பு உடம்புல தங்கும், அதை வெளிய தள்ள உடம்புக்குச் சரியான வழி கிடையாது, சிலருக்குப் பரம்பரையாவே அளவுக்கு மீறி சேரும். இப்ப வரைக்கும் பால் டீயோட முழுங்கினதால, டீயும் பால்ல இருக்கற கால்சியமும் சேந்து அதுல பெரும் பங்கைத் தடுத்திருக்கும்ங்கறது வேற விஷயம், காசு போச்சு.

பயோட்டின் கம்மி டப்பாவுல 5,000 மைக்ரோகிராம்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்குப் போதும்னு வச்சிருக்கறது 30. பயோட்டின் குறைபாடே ரொம்ப அபூர்வம், குறை இல்லாதவங்களுக்கு முடி வளரும்னு சொல்ல உருப்படியான ஆதாரம் இல்லை. இதை விட முக்கியம், இவ்ளோ பயோட்டின் ரத்தத்துல இருந்தா சில லேப் டெஸ்ட் முடிவு தப்பா வரும், தைராய்டு டெஸ்ட் அதுல ஒண்ணு, மாரடைப்புக்குப் பாக்கற ட்ரோபோனினும் ஒண்ணு, அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லயே இதை எச்சரிச்சிருக்கு. டெஸ்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டு, எடுத்துக்கிட்டு இருந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. என்னைக் கேட்டா அப்புறமும் திரும்ப ஆரம்பிக்க வேணாம்.

வைட்டமின் டி 2,000 ஐயூ, பெரியவங்களுக்கான உச்சவரம்பு 4,000, அதுக்குள்ள தான் இருக்கீங்க, டாக்டர் பாத்து முடிவு பண்ணட்டும். மல்டிவைட்டமின் பெருசா கெடுதலும் இல்லை, நார்ச்சத்தையும் தராது. ஒண்ணே ஒண்ணு, டப்பா டப்பாவா சேக்கறப்ப ஒரே சத்து ரெண்டு மூணு டப்பாவுல இருக்கும், லேபிளைக் கூட்டிப் பாருங்க. வைட்டமின் ஏ உடம்புல தங்கற ரகம், பி6 அதிகமா ரொம்ப நாள் போனா கை கால் நரம்பு மரத்துப் போகும். மகள் கை எட்டாத இடத்துல வையுங்க, கம்மி மிட்டாய் மாதிரியே இருக்கும், இரும்பு மாத்திரை குழந்தைங்க அள்ளிப் போட்டா உயிருக்கே ஆபத்து.

பவுடர்

58 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 0.8 கிராம் வச்சா 46 கிராம். ஆப் 93 கேக்கறது ஏன்னா இலக்குங்கற இடத்துல "தசை கூட்ட"ன்னு தொட்டிருக்கீங்க, அது கிலோவுக்கு 1.6 போட்டுடுச்சு. எடை தூக்கி பயிற்சி செய்றவங்களுக்கு அது நியாயமான அளவு, நீங்க செய்யலைன்னு நீங்களே சொல்றீங்க. உங்க நிஜ அளவு 42, குறை 4, 5 கிராம். அதுக்கு டப்பா வாங்க வேணாம்.

அப்ப என்ன தான் மாத்தறது

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பொருள்னு தேடாதீங்க, பைத்தியம் பிடிச்சிடும். ஒரே பொருள் நாலு கட்டத்தைத் தூக்கற மாதிரி பாருங்க. 100 கிராம் வெந்த பருப்புல 9 கிராம் புரதம், 8 கிராம் போல நார்ச்சத்து, 3 மி.கி.க்கு மேல இரும்பு, பொட்டாசியம் 350-க்கு மேல. இப்ப சாப்பிடற 80 கிராமை 180 ஆக்கினா, இல்லை காலையிலயோ சாயங்காலமோ ஒரு கை வெந்த கடலை, பயறு, பீன்ஸ் சேத்தா, புரதக் குறை முடிஞ்சது, நார்ச்சத்து 13-லேருந்து 21. பழம் ரெண்டு திரும்ப வந்து, ரெண்டு வேளை தட்டுல பாதி காய்னு ஆக்கினா 25 தாண்டிடும், 400 கிராமும் தானா வந்துடும். தானியத்துல பாதியை முழு தானியமா மாத்தினா இன்னும் நல்லது, மாத்த முடியலைன்னாலும் பரவாயில்லை.

ஆனா ஒரே நாள்ல ஏத்தாதீங்க. 13-லேருந்து 25-க்கு திங்கக்கிழமை குதிச்சா செவ்வாக்கிழமை வயிறு உப்பி, "இந்த டயட்டே ஒத்துக்கல"ன்னு விட்டுடுவீங்க. மூணு நாலு வாரத்துல மெதுவா, தண்ணியையும் கூட்டி. கிட்னி பிரச்சினையோ அதுக்கான மாத்திரையோ இருக்கறவங்க இந்த பருப்பு, பழம் கணக்கை டாக்டரைக் கேக்காம எடுத்துக்கக் கூடாது, உங்களுக்கு அப்படி எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க.

டீயைச் சாப்பாட்டுலேருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்க. பருப்பு, கீரை சாப்பிடற வேளையில எலுமிச்சை பிழிஞ்சுக்கறது, தக்காளி, குடைமிளகாய், ஒரு ஆரஞ்சுன்னு வைட்டமின் சி ஏதாவது கூட இருக்கட்டும், தாவர இரும்பு உள்ள போறது நல்லாவே கூடும். உப்புக்கு, புதுசா பிரிக்கற பாக்கெட் மேல தேதி எழுதி வையுங்க. இதே ஒரு கிலோ ரெண்டு மாசத்துக்கு மேல இழுத்தா சரியான பக்கம் போறீங்கன்னு அர்த்தம், கூடவே பாக்கெட் அயிட்டம் வாங்கறப்ப லேபிள்ல இருக்கற சோடியத்தை ரெண்டரையால பெருக்கினா உப்பு எவ்ளோன்னு வந்துடும்.

ஆப்பைத் தினமும் திறக்க வேணாம். ரெண்டு மாசம் கழிச்சு மூணு நாள் எழுதுங்க, அதுல ஒண்ணு லீவு நாளா இருக்கட்டும், வெந்ததா வேகாததான்னு பாத்து, எண்ணெயோட. பாக்க வேண்டியது நார்ச்சத்து, காய் பழம் கிராம், தனியா சேத்த சர்க்கரை, இந்த மூணு தான். வைட்டமின் ஏ மாதிரி சிலது ஒரு நாள் ஏகத்துக்கும் ஒரு நாள் ஒண்ணுமே இல்லாமயும் வரும், மூணு நாள் கணக்குல அதைப் பாத்து பயப்பட ஒண்ணும் இல்லை.

மகளோட கணக்கு

இதைக் கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. "அம்மா, எனக்கு இன்னிக்கு பச்சை வந்துச்சா"ன்னு அவ ராத்திரி கேக்கறான்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. எனக்கு அதைப் படிச்சப்ப சந்தோஷம் வரல. அந்த ஆப் பெரியவங்க அளவுல மார்க் போடுது, அவ வளர்ற பிள்ளை, அவளுக்கு வர்ற சிவப்பும் பச்சையும் அர்த்தமே இல்லாதது. அதை விட, 9 வயசுல ஒரு பிள்ளை பசியையும் வயிறு நிறைஞ்சதையும் பாத்து சாப்பிடாம போன் ஸ்க்ரீன் கலரைப் பாத்து சாப்பிட ஆரம்பிச்சா, பின்னாடி டீன் ஏஜ்ல சாப்பாட்டையும் உடம்பையும் வெறுக்கற பிரச்சினைக்கு அது ஒரு வாசலா ஆகலாம். இன்னிக்கே அழிச்சுடுங்க. அவ முன்னாடி தராசையும் எடுக்க வேணாம், "இதுல சர்க்கரை ஜாஸ்தி, எனக்கு ஆகாது" மாதிரி பேச்சும் வேணாம். அவ வயசுக்கு வேண்டியது 350 கிராம் காய் பழம், 21 கிராம் நார்ச்சத்து, அதை நீங்க மனசுல வச்சுக்கிட்டு சமைச்சா போதும், அவளுக்குத் தெரியவே வேணாம். உயரம், எடை சரியா ஏறுதான்னு குழந்தை டாக்டர்கிட்ட இருக்கற வளர்ச்சி வரைபடத்துல பாத்துக்கலாம்.

உங்களுக்கும் ஒண்ணு கேக்கறேன். எழுதாம சாப்பிட்டா படபடன்னு வருதா, வெளிய சாப்பிடக் கூப்பிட்டா எடை போட முடியாதேன்னு தவிர்க்கறீங்களா? ஒரு கல்யாண வீட்டுக்கு அதுக்காகவே போகலைன்னு எழுதினதால கேக்கறேன். ஆமான்னா தராசையும் ஆப்பையும் முழுசா மூட்டை கட்டிடுங்க, அந்த ரெண்டு மாசக் கணக்கும் வேணாம், இதையும் டாக்டர்கிட்டயோ ஒரு கவுன்சலர்கிட்டயோ சொல்லுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்லை.

உங்க கணவர் சொன்னதுல பாதி சரி. டப்பாக்கள் விஷயத்துல அவர் பக்கம் நியாயம் இருக்கு. "நல்லா தானே சாப்பிடற"ங்கறது சரியில்லை, நார்ச்சத்து, உப்பு, இரும்பு மூணும் நிஜமாவே கவனிக்க வேண்டியது, உப்பு விஷயத்துல அவரும் அதே சட்டியில தான் சாப்பிடறார், அவரோட பிரஷரையும் ஒரு தடவை பாத்துடச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட போறப்ப நாலு டப்பாவையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, கடைசி மூணு மாதவிடாய் தேதியையும் எத்தனை நாள் போச்சுங்கறதையும் ஒரு சீட்டுல எழுதிக்குங்க. ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, அந்த எண்ணைப் பாத்துட்டு சாப்பாட்டுல மிச்சம் என்ன மாத்தணும்னு அப்புறம் பேசிக்கலாம்.